ஒத்துப் பார்க்காத நம்பர்

சில வருஷங்களுக்கு முன் ஒரு தேர்தல் முடிந்த வாரம், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. சுற்றி வளைக்கத் தெரியாது. தப்பு என்னுடையது.

என்னிடம் உரிமத்தோடு ஒரு ரைஃபிள் இருந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய சாமான். குழலை மாற்றி, முன்கட்டையை அறுத்து, பட்டாளத்தில் இல்லாத எங்களைப் போன்றவர்களும் வைத்துக்கொள்ளும்படி ஆக்கியிருந்தார்கள். மிளகு வியாபாரத்தில் கிடைக்காத கர்வம் எனக்கு அதில் கிடைத்தது. ஞாயிறுதோறும் ரைஃபிள் கிளப்பில் சுடுவேன்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதன் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்பை, அங்கே கழற்றித் தனியாக வைப்பார்கள். ஒரே ஜாதி ரைஃபிள் என்றால் ஒன்றின் போல்ட் இன்னொன்றிலும் நுழைந்துவிடும். ஆனால் இறுக்கமாகப் பூட்டும் என்று நிச்சயம் கிடையாது. அதனால்தான் இரண்டிலும் ஒரே நம்பர் அடித்திருக்கும்.

திரும்ப வாங்கப் போன அன்று ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடைசியில் ஏட்டு இரண்டு போல்ட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவற்றில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் ஈரத்தில் கழன்று விழுந்திருந்தன.

“சேட்டா, நம்பர் ஒத்து நோக்கி எடுக்கணும், கேட்டோ.”

“இருபது வருஷமா என் கையில இருக்கு. என் சாமான் எனக்குத் தெரியாதா? நீ உன் வேலையப் பாரு.”

ஒன்றை எடுத்து மாட்டினேன். சுலபமாக நுழைந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு என் மனைவியின் தம்பியும் கிளப்புக்கு வந்தான். இடக்கொச்சி பஸ் ஓட்டுகிறவன். தள்ளித்தான் நின்றான்.

“பஸ்ஸ அந்த வெரட்டு வெரட்டுறே, இதுக்குப் பயமாடா? கிட்ட வா.”

“சத்தத்துக்குப் பயமில்ல அத்தான். உங்க குறிக்குத்தான் பயம்” என்று சிரித்துக்கொண்டே என் வலப்பக்கம் வந்து நின்றான்.

மூன்றாவது தோட்டாவைச் சுட்டபோது அதன் பித்தளைக் கூடு உள்ளேயே பிளந்தது. புகையும் சில்லும் வலப்பக்கமாகப் பீறிட்டன. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். நம்பர் என்னுடையது இல்லை.

அவனுக்கு வலது கண் போய்விட்டது. என்ன ஆச்சு என்று கேட்டான். தோட்டா பழசு என்றேன்.

“தோட்டா சதிச்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க, அத்தான்? விடுங்க” என்றான்.

மறுநாள் ஸ்டேஷனில் போல்ட்டை மேஜைமேல் வைத்தேன். மற்ற ரைஃபிளின் சொந்தக்காரர் இன்னும் வந்திருக்கவில்லை. என் போல்ட்டை மாட்டி அவரும் சுடவில்லை; அந்த மட்டில் பிழைத்தேன். ஏட்டு நம்பரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரைஃபிளையும் உரிமத்தையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டேன்.

மச்சினன் இப்போது அதே பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறான். வேறொருவன் ஓட்டுகிறான். ஓணத்துக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தோட்டாவைத் திட்டுவான். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

அவன் இங்கே மலையாளம் மட்டுமே படித்தவன். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஊரையெல்லாம் அதட்டுகிற என் வாய், அவன் எதிரில் உட்கார்ந்து அந்த ஒரு உண்மையைச் சொல்ல இன்றுவரை திறக்கவில்லை.