எண்ணிப் பார்க்கிற ஸ்மைலின்

இரத்தம் எடுத்த குழாயை, உள்ளே உறையாமலிருக்க, ஸ்மைலின் எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்துவார். குலுக்க மாட்டார், தொட்டில் ஆட்டுகிற மாதிரிதான். எட்டு முடியும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக லேப் டெக்னீஷியன். பெயரில்தான் சிரிப்பு, முகத்தில் அதைத் தேட மைக்ராஸ்கோப் வேண்டும் என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

மெஷின் சொல்லும் எண்ணை அவர் அப்படியே நம்புவதில்லை. இரத்தத்தை உறையவைக்கிற தட்டணு, அதாவது பிளேட்லெட், குறைவு என்று வந்தால் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, தம் கண்ணால் எண்ணியாக வேண்டும். "பத்து பன்னெண்டு சேந்து கட்டியா நின்னா மெஷின் அத கணக்குலயே எடுக்காது, கேட்டியா?" என்பார். அதற்காகும் கால்மணி நேரத்துக்காக டாக்டரம்மாவிடம் அவர் வாங்காத திட்டில்லை.

போன புதன்கிழமை மத்தியானம் அந்தக் கால்மணி நேரம் கனத்தது. அடுத்த அறைக் கட்டிலில் நந்தனா, எட்டாம் மாதம், மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிரஷர் நூற்றெழுபது. அவள் கணவன் வினோஜ் லேப் வாசலில் நின்றான்.

"எக்கா, நேத்து வருக்கச் சக்க கூடுதலா தின்னுட்டா. வாயுவாக்கும். காயமும் பூண்டும் காய்ச்சிக் குடுத்தேன், கேக்கல்ல. ஊசி போட்டாச்சுல்லா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போட்டுமா?"

பலாக் காலம் வந்தால் இந்தப் பக்கத்தில் எந்த வயிற்றுவலிக்கும் சக்கைதான் குற்றவாளி. கர்ப்பத்தில் பிரஷர் ஏறி ஈரல் வீங்கி வலிப்பதை வாயு என்று வீட்டிலேயே வைத்திருந்து, போன வருடம் ஒருத்தியைக் கொண்டுவந்தபோது காலம் கடந்திருந்தது. அந்தக் கோபம் ஸ்மைலினுக்கு இன்னும் ஆறவில்லை.

மெஷின் ஐம்பத்தெட்டாயிரம் என்றது. போன மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல். ஆண்டவரே, கட்டியாக இருக்கட்டும் என்று மன்றாடிக்கொண்டே ஸ்லைடை நகர்த்தினார். கட்டி எங்குமே இல்லை. பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, சில இடத்தில் இரண்டு. நடுவே உடைந்த சிவப்பணுக்கள்.

"கட்டியில்ல மேடம். கொறஞ்சது உள்ளதுதான்" என்று டாக்டரம்மாவிடம் போனில் சொன்னார். உடனே ஆசாரிப்பள்ளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றார் அவர். ஆம்புலன்சும் வந்து நின்றது. வினோஜ் மட்டும் அசையவில்லை.

"நாளைக்குக் காலத்த போனா போராதாக்கா?"

ஸ்மைலின் அவன் கையைப் பிடித்து இழுத்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்.

"சின்னதா ஊதாப் பொட்டு தெரியுதா? எண்ணு மக்கா."

"ஒண்ணு... ரெண்டு... பொறவு காணல்ல."

"பதினஞ்சு வேணும். ரெத்தக் கொழாய்க்க உள்ள புண்ணாயி, இந்தப் பொட்டெல்லாம் அங்க போய் ஒட்டித் தீருது. இது சக்கையில்ல. இப்பிடியே தீந்தா பேறுகாலத்துல ரெத்தம் நிக்காது. தள்ளையும் போவா, பிள்ளையும் போவும்."

அவன் எழுந்து ஓடினான். ஸ்மைலின் கையால் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட், அவன் ஓட்டத்தில் நழுவி முற்றத்து மழைத்தண்ணீரில் விழுந்து மை கரைந்தது. இன்னொன்று எழுத உள்ளே போக நேரமில்லை. நந்தனாவை ஏற்றியிருந்த ஆம்புலன்சில் ஸ்மைலின் ஏறி, அவள் கையைத் தம் மடியில் எடுத்து வைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததும் தெரியும்படி மார்க்கர் பேனாவால் அதிலேயே எழுதத் தொடங்கினார்: ஓ நெகட்டிவ், ஐம்பத்தெட்டாயிரம், இரத்தம் எடுத்த நேரம். வீங்கிய கையில் பேனா அழுந்திய இடமெல்லாம் குழி விழுந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஸ்மைலின் அழுத்தாமல், மெல்ல எழுதி முடித்து, மை காயும்வரை அந்தக் கையை ஊதிக்கொண்டிருந்தார்.