நான்கு முறை போய் நான்கிலும் தோற்றவன்

புஜைராவில் நான் நர்ஸாக இருந்த மருத்துவமனைக்கு அந்த அமெரிக்கரைக் கொண்டுவந்தபோது அவருடைய வலது கையும் வலது காலும் விழுந்திருந்தன. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டாங்குகளைச் சோதிக்கிற வேலை அவருக்கு. அறுபதை நெருங்கிய, நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். காலையில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார் என்று, அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த டிரைவர் சொன்னார். மூளையில் ரத்தக் குழாய் அடைத்ததில் பேச்சும் போய்விட்டது. வாயைத் திறப்பார், முகம் சிவக்கும், ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். மனைவி பிரிந்து போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் அமெரிக்காவில் ஏழு மாதக் கர்ப்பிணி. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டிரைவர் கீழக்கரைக்காரர். நான் மார்த்தாண்டம். அவரை நான் பாய் என்பேன், அவர் என்னை சிஸ்டர் என்பார். அமெரிக்கரைப் புஜைராவுக்கும் துபாய்க்கும் இடையே அந்த மலைச் சாலையில் எத்தனையோ வருஷமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர். கம்பெனி அவரை வேறொரு அதிகாரிக்கு வண்டி ஓட்டப் போட்ட பிறகும், டூட்டி முடிந்ததும் நேராக வார்டுக்குத்தான் வருவார். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குச் சவரம் செய்துவிடுவார். வழியில் மசாஃபி சந்தையில் வாங்கிய ஆரஞ்சைச் சுளை சுளையாக உரித்து வைப்பார். விழுங்குவது சிரமம் என்று நான் தடுத்தால், வாசனையாவது பிடிக்கட்டும் என்பார்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு மத்தியானம், வார்டு டிவியில் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியை மறு ஒளிபரப்பு செய்துகொண்டிருந்தார்கள். சானல் மாற்றிக்கொண்டே போன நான் எதற்காகவோ அதில் நிறுத்திவிட்டு ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவான குரல். ஒரு ஆளின் பெயர், அதைத் தொடர்ந்து ஆங்கிலத்தில், "நான்கு. தோல்வி நான்கு." திரும்பிப் பார்த்தேன். அமெரிக்கர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. டிவியைப் பார்த்தபடி இன்னொரு பெயரைச் சொன்னார். "நான்கு. வெற்றி நான்கு."

நோய் வந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரு முழுச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

சாயங்காலம் பாய் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அது குவார்ட்டர்பேக் கணக்கு என்றார். அந்த ஆட்டத்தில் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன்தான் குவார்ட்டர்பேக்காம். களத்தில் எத்தனை பேர் ஆடினாலும் இறுதிப்போட்டியின் வெற்றி தோல்வி அவன் பெயரில்தான் ஏறுமாம்.

"சார் ஊரு டீமு தொடர்ந்து நாலு வருஷம் ஃபைனலுக்குப் போயி நாலுலயும் தோத்துப் போச்சாம் சிஸ்டர். அந்த ஆளு பேரத்தான் சொல்லியிருக்காஹ. வண்டில ஏறுனா இதத்தான் பேசுவாஹ. எனக்கு ஆட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. சரி சார், சரி சார்னு கேட்டுக்கிட்டே ஓட்டுவேன்."

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த எகிப்திய டாக்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய பிரார்த்தனை, பாட்டு, வாய்ப்பாடு மாதிரி சில மட்டும் இப்படித் தங்கிப்போவது உண்டு என்றார். அதைப் பேச்சு திரும்புவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்க எங்கள் மருத்துவமனையில் ஆள் கிடையாது. நானும் பாயும் எதிர்பார்க்கத்தான் செய்தோம்.

பாய்க்குப் பாதிப் பெயர்கள் குழம்பிப் போயிருந்தன. இருந்தாலும் தினம் வந்து பெயரை எடுத்துக் கொடுப்பார். அமெரிக்கர் கணக்கைச் சொல்லி முடிப்பார். நான்கு ஃபைனல் போய் நான்கும் ஜெயித்தவன். மூன்று தோற்ற பிறகு வயதான காலத்தில் இரண்டு ஜெயித்தவன். இப்போது ஆடிக்கொண்டிருக்கிற, மூன்று போய் மூன்றும் ஜெயித்த இளைஞன். பாய் ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் அமெரிக்கரின் இடது கை மறுப்பாக ஆடும், வாயோரம் சிரிப்பு மாதிரி ஒன்று கோணும். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நாங்கள் ஏமாந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

பெயர்களுக்கு நடுவே தண்ணீர், வலி, மகளின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். தண்ணீர் டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்பேன். உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். வருவது அந்தத் தோற்ற ஆளின் பெயர்தான். இடுப்பில் படுக்கைப்புண் வந்து வலியில் துடித்தபோதும் அதே பெயர். தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அவள் ஃபோன் செய்தாள். அப்பாவுக்குப் பேச்சு வருகிறதாமே என்று கேட்டாள். கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சில சொற்கள்தான் வருகின்றன என்று சொல்லிவிட்டு ரிசீவரை அவர் காதில் வைத்தேன். குழந்தை அழுவது எனக்கே கேட்டது. அவர் முகம் முழுக்க விரிந்தது. பேச முயன்றார். உடம்பு மொத்தமும் அதற்காக முயன்றது. கடைசியில் அந்தப் பெயர் வந்தது. "நான்கு. தோல்வி நான்கு."

நான் ரிசீவரை எடுத்தேன். மறுமுனையில் அவள் மெதுவாகப் பேசினாள். அந்தத் தோல்விகள் நடந்த வருஷங்களில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அப்பா நாள் கணக்கில் வீட்டில் யாரோடும் பேச மாட்டாராம். அம்மா போனதற்குப் பிறகும் அப்படித்தானாம். "என்னிடம் சொல்ல அவருக்கு இது ஒன்றுதான் மிச்சமா?" என்று கேட்டாள். அது அவர் விரும்பிச் சொல்வதல்ல, நோய் அப்படி என்று விளக்கினேன். தெரியும் என்றாள். அதற்குப் பிறகு அவரோடு பேச வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வாரம் ஒரு முறை என்னிடம் மட்டும் நிலைமையைக் கேட்டுக்கொள்வாள்.

அன்றிலிருந்து அமெரிக்கர் கணக்குச் சொல்வதை விட்டுவிட்டார். பாய் பெயரை எடுத்துக் கொடுத்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பாய் விடவில்லை. கெஞ்சுகிற குரலில் மறுபடி மறுபடி கேட்பார். ஒரு நாள் நான்தான், போதும் பாய், அவரைச் சும்மா விடுங்கள் என்றேன். அவர் சவரக் கத்தியைக் கழுவப் போனார்.

கோடை வெயில் ஏறத் தொடங்கியபோது இரண்டாவது அடைப்பு வந்தது. அதற்குப் பிறகு முனகலும் நின்றுவிட்டது. கம்பெனி அவரை ஸ்ட்ரெச்சரிலேயே ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. துபாய் விமான நிலையம் வரை ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். பாய்க்கு அன்று டூட்டி. புது அதிகாரி லீவு கொடுக்கவில்லை. மலைச் சாலை முழுக்க அமெரிக்கர் கண் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். எதையாவது பார்க்கிறாரா என்று டார்ச் அடித்துச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருப்பதாக மகள் ஒரு முறை சொன்னாள். அடுத்த ஃபோன், அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல.

பாயிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் கம்பெனி அவர் விசாவை முடித்திருந்தது. கத்தாரில், தோஹா தொழில்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லாரி ஓட்டப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்திருந்தார். கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். செய்தியைக் கேட்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"தோத்த கதையவே தினமும் கேட்டுக் கேட்டு, அந்த மனுஷன நாம இம்சைப்படுத்திட்டமா சிஸ்டர்?"

நானும்தானே பாய் கேட்டேன் என்றேன். அவர் தலையாட்டினார். தொழிலாளர் கேம்ப்புக்குப் போகிற வண்டி வந்துவிட்டதாக வெளியே யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.