ஒரே வரியில் நிரம்பிய பேருந்து

இன்று மாலை, திருத்தணிப் பேருந்து நிலையத்தருகே உள்ள முன்பதிவுக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு நெசவாளரும் அவர் மகளும். அந்தப் பெண் நாளைக் காலை பெங்களூரில் வேலையில் சேர வேண்டும்.

திரையைப் பார்த்துப் பூரித்தாள். "நைனா, ராத்திரி வண்டி பூரா காலியா கீது. ஜன்னலோரமா எடு."

கடையின் புது மென்பொருளில் அதுவே முதல் டிக்கெட். அச்சாகியும் வந்துவிட்டது.

நான் குறுக்கிட்டேன். "ஆடிக் கிருத்திகையன்று ஓர் இருக்கைகூட விற்காத பேருந்து இருக்க முடியுமா?"

கடைக்கார அம்மாள் சிரித்தார். "முருகனே காலி பண்ணி வெச்சிருக்காரு சார்." பிறகு சிரிப்பு அடங்கி, மென்பொருள்காரர்களுக்குப் போன் செய்தார்.

நேற்று பயிற்சியளித்தவர்கள் அதை, உண்மையான முன்பதிவுகள் எதுவும் இல்லாத சோதனை சர்வரிலேயே விட்டுச் சென்றிருக்கிறார்கள். கையிலிருந்த டிக்கெட் வெறும் தாள்.

போனில் சொன்னபடி ஒரு கோப்பைத் திறந்து, சர்வர் முகவரி இருந்த ஒரு வரியை மட்டும் மாற்றினார்.

அதே திரை, அதே நிறம், அதே பொத்தான்கள். ஆனால் வெற்றிருக்கைகளெல்லாம் மனிதர்களின் பெயர்களால் நிரம்பிவிட்டன! சற்று முன்பும் அவர்கள் எங்கோ இருந்தார்கள். நாங்கள்தான் வேறோர் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மெய்சிலிர்த்தது.

கடைசி வரிசையில் ஒன்றே மிச்சம்.

"சீக்கிரம் போடுக்கா!" என்றாள் அந்தப் பெண். கிடைத்துவிட்டது.

"இன்னா, ஜன்னல் வாணாமா?" என்றார் தந்தை.

"சும்மா இரு நைனா."

நானும் அதே பேருந்துக்குத்தான் நின்றிருந்தேன். இன்றிரவு பெங்களூருக்குக் காரில் செல்லும் நண்பர்கள் எவரேனும் உண்டா?