அறுபத்தைந்து என்றுதான் சொன்னார்

கடலில் அகப்பட்ட ஒருவரைச் செய்மதிக் கருவி காப்பாற்றியது என்றொரு கதை எங்கள் தீவில் வழங்குகிறது. அக்கதையில் அவருடைய மனைவி இல்லை. அப்பெண்ணின்றி அந்த மீட்பே இல்லை என்பதை நேரிற் கண்டவன் ஆதலால் இதனை எழுதிவைக்கிறேன்.

போர்நிறுத்தக் காலத்து மார்கழி ஒன்றின் பிற்பகல். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் காரைநகர்ப் படகுக்காகக் காத்திருந்தேன். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று ஓங்கி வீசியது. கடற்றொழிலாளர் சிலர் ஓர் இளம்பெண்ணைச் சூழ்ந்து நின்றனர். விடியலில் தனியே தொழிலுக்குப் போன அவருடைய கணவரின் படகு, இயந்திரம் பழுதாகிக் காற்றோடு இழுபட்டுக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் மனைவியை அழைத்த அவர், வெளிநாட்டிலிருந்து தமையன் அனுப்பிய, செய்மதிவழி இடங்காட்டும் கருவியிற் கண்ட எண்களைச் சொல்லியிருக்கிறார்: ஒன்பது, ஐம்பத்தெட்டு, எழுபத்தொன்பது, அறுபத்தைந்து. அத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது.

நான் புவியியல் கற்பித்தவன் என்றறிந்து, கடல் வரைபடத்தை என்முன் விரித்தனர். அவர்கள் டிகிரி, நிமிசம் என்பவற்றை நான் பாகை, கலை என்பேன். ஒன்பது பாகை ஐம்பத்தெட்டுக் கலை என்றால் வடக்கே வெகுதூரம். ஆனால் அறுபத்தைந்து கலை எங்கே உண்டு? ஒரு பாகைக்கு அறுபது கலைதானே!

"ஐம்பத்தஞ்சாய் இருக்கும்," என்றார் படகுகளின் உரிமையாளரான சம்மாட்டி. எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. படகுகள் வடக்கே புறப்பட ஆயத்தமாயின. கையிலிருந்த எரிபொருள் ஒரு திசைக்கே போதும்.

அப்பெண் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அறுபத்தஞ்செண்டுதான் சொன்னவர். என்ர காதாலை கேட்டனான்."

"நிமிசம் அறுபதோடை முடிஞ்சிடும், பிள்ளை. உன்ர மனுசன் கடலுக்கை புதுக்கணக்குக் கண்டுபிடிச்சிட்டானோ?" என்றார் சம்மாட்டி.

"கணக்கு உங்கடை, அண்ணை. எண் அவற்ரை. ஒருத்தரும் அதை மாத்தேலாது."

அழுகையில்லை, கயிற்றை விடவுமில்லை. எண் மெய்யென்றால் பிழை நம் அளவையில் இருக்கவேண்டும். பாகையைக் கலையாக வகுக்காது, தசமமாகவும் காட்டும் கருவிகள் உண்டென்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

"நடுவிலை 'புள்ளி' எண்டு ஏதும் சொன்னவரோ, பிள்ளை?"

"காத்து இரைச்சல், மாஸ்ரர். ஏதோ ஒரு சொல் விழுங்குப்பட்டது. எண்கள் மட்டும் தெளிவு."

ஒன்பது புள்ளி ஐந்து எட்டு. எழுபத்தொன்பது புள்ளி ஆறு ஐந்து. மீண்டும் குறித்தேன். எங்கள் துறைக்குத் தென்மேற்கே, நெடுந்தீவுக்குச் சற்று வடமேற்கே விழுந்தது. வாடை தள்ளும் திசையும் அதுவே. சம்மாட்டி வரைபடத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "ஓம், அங்கைதான்," என்றார். அதன்பின்னரே அப்பெண் கயிற்றை விட்டார்.

விளக்கேற்றும் வேளை கடந்து, இரண்டு படகுகள் மூன்றாவதை இழுத்துக்கொண்டு வந்தன. நடுங்கியபடி கரையேறிய கணவரிடம் அவர் முதலிற் கேட்டது இதுதான்: "இஞ்சாருங்கோ, அந்தப் புள்ளியைக் கொஞ்சம் உரத்துச் சொன்னால் வாய் தேஞ்சுபோமோ?" துறையே சிரித்தது. அதற்குப் பிறகுதான் அப்பெண்ணுக்கு அழுகை வந்தது.

என் அறிவுக்குள் அடங்காத ஒன்றைப் பிழையெனத் திருத்தக் கை எழும்போதெல்லாம், இன்றும் ஒருகணம் நிறுத்தி, பிழை என் அளவுகோலில் இல்லையா என்று பார்க்கிறேன்.

முதுமையில் நினைவு பிசகுவது இயல்பு. அன்று துறையில் நின்றவர்கள் இதில் எத்தவறு கண்டாலும் அருள்கூர்ந்து திருத்துக. எண்களை மட்டும் அந்த அம்மையாரிடம் கேட்டபின் திருத்துக.