கருக்குவிளையின் இரண்டாவது கிணறு

ராதாபுரத்துக்குத் தெற்கே, செம்மணலும் பனையுமாகக் கிடந்த கருக்குவிளைக்கு சாலோமி வாக்கப்பட்டு வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. வந்த மறுநாளே மாமியார் அவள் இடுப்பில் ஒரு குடத்தை ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு இருபது வருஷம் அந்த இடுப்பு சும்மா இருந்ததில்லை. நல்ல தண்ணீர் ஊருக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி, ஓடைப் படுகையில் தோண்டிய ஊற்றில்தான் இருந்தது. கோடையில் சிரட்டையால் கோரிக் கோரித்தான் குடத்தை நிரப்ப வேண்டும். அதற்கும் முறை வைத்துக் காத்துக் கிடக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் எல்லோரும் எடுத்து முடித்த பிறகே கீழத்தெருக்காரர்களுக்கு முறை வரும். ஊருக்கும் கீழத்தெருவுக்கும் தண்ணீர்ப் புழக்கம் கிடையாது.

1909-ஆம் வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து கிராம உபகார சங்கத்தின் ஊழியர் கிருபைராஜ் வந்து சேர்ந்தார். வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் கூடி நடத்திய சங்கம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபக்கூடத்து வாசலில் ஊரைக் கூட்டி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தரச் சங்கம் தீர்மானித்திருப்பதாகச் சொன்னார். ஆண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து சாலோமி எழுந்தாள்.

“பள்ளிக்கூடம் நல்லதுதான் ஐயா. பிள்ளையள் எப்பம் வரும்? விடியுமுன்ன தண்ணிக்குப் போவுது. திரும்புகையில வெயில் உச்சிக்கு வந்திருது.”

அவள் புருஷன் அப்பாத்துரை திரும்பி முறைத்தான். கிருபைராஜ் மட்டும், “நாளைக்கு நானும் உங்ககூட வாரேம்மா” என்றார்.

வந்தார். திரும்பும்போது பிடிவாதமாக ஒரு குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஊர் வந்து சேர்ந்தபோது பாதித் தண்ணீர் அவர் கோட்டில் இருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்: முதலில் கிணறு, பிறகுதான் பள்ளிக்கூடம்.

எங்கே தோண்டுவது என்ற பேச்சு வந்தபோது சாலோமி கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தைச் சொன்னாள். வைகாசியிலும் அங்கே அருகம்புல் பச்சையாக நிற்கும். காலையில் நடந்தால் மணல் பாதத்தில் ஒட்டும். ஆனால் அந்தப் பள்ளம் கீழத்தெருவை ஒட்டியிருந்தது. “அங்கன தோண்டினா அவுகளும் வந்து கோருவாக” என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். ஜெபக்கூடத்துக்குப் பக்கத்தில் இடம் குறித்தார்கள். கிருபைராஜும் ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

சங்கம் கூலிக்கு அமர்த்திய ஆட்கள் தோண்ட, நாற்பது அடியில் பாறை வந்தது. அதை உடைத்ததும் தண்ணீர் பொங்கியது. ஒரு பாட்டு பாடி, ஜெபம் பண்ணி, முதல் வாளியை இறைத்தார்கள். அப்பாத்துரை ஒரு கை அள்ளி வாயில் விட்டவன் அப்படியே துப்பினான். உப்பென்றால் கடலுப்பு. துணி துவைத்தால் சவுக்காரம்கூட நுரைக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் கிருபைராஜ் தோண்டிப் போட்ட மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். சாலோமி பக்கத்தில் போய் நின்றாள்.

“நான் உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்மா. இன்னொரு கிணறுன்னு நான் எந்த முகத்தோட சங்கத்துல கேக்க?”

“கிணறு கேக்காதீங்க. கடப்பாரை, வடம், பாறைக்கு வெடிமருந்து, இம்புட்டும் வாங்கித் தாங்க. தோண்டுதது எங்க பாடு.”

சொல்லிவிட்டாளே தவிர, தோண்ட ஆள் ஏது? ஊர் ஆண்கள் பனையை விட்டு இறங்கமாட்டார்கள். அந்தப் பள்ளத்துக்கு வரவும் மாட்டார்கள். யோசித்து யோசித்துப் பார்த்து, ஒருநாள் சாயங்காலம் சாலோமி கீழத்தெருவுக்குள் நடந்தாள். அதுவரைக்கும் அவள் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. கோமு என்ற நடுவயதுக்காரி வாசலில் புளியம்பழம் உடைத்துக்கொண்டிருந்தாள். கிணறு வெட்டும் வேலையில் அவள் குடும்பத்து ஆட்களுக்கு நல்ல பழக்கம். சாலோமி நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

கோமு கையை நிறுத்தாமல் கேட்டாள். “தோண்டுதோம்மா. தோண்டினா எங்களுக்கு அதுல தண்ணி உண்டா?”

சாலோமி, “கேட்டுச் சொல்லுதேன்” என்று திரும்பிவிட்டாள். யாரைக் கேட்பது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். ஊரைக் கேட்டால் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். தன்னைக் கேட்டபோதுதான் பயமாக இருந்தது. ஞாயிறுதோறும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று பாடுகிற வாய்தான். அந்த வாய் கோமு வீட்டுச் செம்பைத் தொடுமா?

விஷயம் தெரிந்ததும் அப்பாத்துரை குதித்தான். “ஏட்டி, அவுக வாளி விட்ட தண்ணிய நாம குடிச்சா ஊரு நம்மள வாசல்ல ஏத்துமா?”

“ஊரு சொன்ன இடத்துல தோண்டினது உப்பாப் போச்சு. வேணும்னா அத ஊரு குடிக்கட்டும்.”

நாலாம் நாள் அவள் மறுபடியும் கீழத்தெருவுக்குப் போனாள். கோமு ஏறிட்டுப் பார்த்தாள். சாலோமி, “தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி தா” என்றாள். கோமு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு உள்ளே போய்ச் செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். சாலோமி வாங்கி முழுவதையும் குடித்தாள்.

பாளையங்கோட்டையில் கிருபைராஜுக்கும் லேசான பாடு இல்லை. ஊரில் எதற்குச் சண்டை மூட்ட வேண்டும் என்று சங்கத்திலேயே இரண்டு பேர் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில் சாமான்களை அனுப்பி, கூடவே ஒரு காகிதமும் கொடுத்தார்கள்: இந்தக் கிணறு யாவருக்கும் பொது.

கோமுவின் ஆட்கள் வெட்டினார்கள். சாலோமி மண் சுமந்தாள். பத்து நாள் கழித்து அப்பாத்துரை வந்து வடத்தின் ஒரு முனையைப் பிடித்தான். இருபத்தெட்டு அடியில் ஊற்றுக்கண் திறந்தது. இளநீர் மாதிரி தண்ணீர்.

அதைக் குடிக்க ஊர் வரவில்லை. ஒன்பது நாள் பெண்கள் அந்தக் கிணற்றைத் தாண்டியே ஓடைக்குப் போனார்கள். பத்தாம் நாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி குடத்தோடு அங்கே நின்றுவிட்டாள். அடுத்த நாள் நாலு பேர். மாதம் முடிவதற்குள் எல்லோரும் வந்தார்கள். ஆனால் பெரியவர்கள் கூடிப் பேசி, ஆளுக்கொரு பக்கமாக இரண்டு உருளை மாட்டினார்கள், இரண்டு தெருவின் கயிறும் ஒன்றையொன்று தொடாதபடிக்கு. சாலோமிக்கு அதில் வருத்தம்தான். “இம்புட்டுத்தான் இப்பம் நகருது” என்று கிருபைராஜிடம் சொன்னாள். தன் பக்கத்தில் கூட்டமாக இருந்தால் அவள் அந்தப் பக்கத்து உருளைக்குப் போய்விடுவாள். அதைப் பார்த்து முணுமுணுத்தவர்கள் உண்டு. அவள் பின்னாலேயே வந்தவர்களும் இரண்டொருவர் உண்டு.

1913-இல் பள்ளிக்கூடம் வந்தது. முதல் நாள் பதினொரு பெண்பிள்ளைகள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் கீழத்தெரு. அந்த வருஷச் சங்கக் கூட்டத்துக்கு சாலோமியை வண்டியில் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். கருக்குவிளையில் சங்கம் கிணறு தோண்டியது என்று தலைவர் அறிக்கை வாசித்தார். ஏதாவது சொல்லம்மா என்றார்கள்.

அவள் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “தோண்டினது கோமு வீட்டு ஆளுகய்யா. கடப்பாரை உங்களுது. அடுத்த ஊருக்குப் போவையில மொதல்ல பொம்பளையளக் கேளுங்க, எல்லாத் தெருவுலயும்.”

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் கிருபைராஜ் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.