ஏரி நிரம்பியது, கட்லா மிதந்தது

1. மருந்து

“சார், ஏரியில எவனோ மருந்து கலந்துட்டான்!”

மீனவர் சங்கத் தலைவர் முனுசாமி, சைக்கிளை என் ஆபீஸ் வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். எழுபதுகளில் நான் மீன்வளத்துறை ஃபீல்டு அசிஸ்டென்ட்டாக, தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஏர்பேடு பக்கத்து ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் பெரும் புயல் அடித்து, வற்றிக் குட்டையாகக் கிடந்த ஏரி கரை தட்ட நிரம்பியிருந்தது. ஊரே கொண்டாடியது, நானும்தான்.

போய்ப் பார்த்தால் தண்ணீர் செம்மண் குழம்பாக நின்றது. நாங்கள் விட்டு வளர்த்த கட்லா மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. கரையில் ஆண்கள் கம்போடு நின்றார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், பக்கத்து ஊரான மேலூர் வழியாக வருகிறது. மேலூரோடு ஏற்கெனவே தண்ணீர்த் தகராறு.

“இன்னா சார் பாத்துக்கினு நிக்கற? மேலூர்க்காரன்தான் மருந்து ஊத்தினான்னு எழுதிக் குடு. மீதிய நாங்க பாத்துக்கறோம்” என்றார் முனுசாமி.

நான் குப்பியில் ஏரித் தண்ணீரை மொண்டு, ஆக்சிஜன் டெஸ்டுக்கான ரசாயனங்களை விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும்; இல்லாவிட்டால் வெள்ளை. வெள்ளையாகவே படிந்தது.

“பாத்தீங்களா, மருந்து வெள்ளையா எறங்குது!” என்று முனுசாமி கத்தினார். கம்புகள் உயர்ந்தன. நிறத்துக்கு அர்த்தம் சொல்லாமல் ஊர் முன்னால் டெஸ்ட் செய்யக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நேரம், ஓரத் தண்ணீரில் கூடையோடு நின்ற மீன்காரி கன்னியம்மா கூவினாள்.

“விரால் சாவல சார்! துள்ளிக்கினு கீது!”

எனக்கு உயிர் வந்தது. “மருந்துன்னா விராலும் செத்திருக்கணுமே? விரால் மேல வந்து காத்துக் குடிக்கும். கட்லாவுக்குத் தண்ணியிலதான் மூச்சு. புயல் அடிச்சிக்கினு வந்த சாணி, தழை எல்லாம் அழுகி அந்த மூச்சை உறிஞ்சிடுச்சு. கலங்கல்ல வெயில் எறங்காததால பாசியும் புதுசா மூச்சு விடல” என்றேன்.

கம்புகள் மெல்லக் கீழே வந்தன.

2. எஞ்சின்

தண்ணீரை இறைத்து மறுபடி ஏரியிலேயே பீய்ச்சினால் காற்று கலக்கும். ஆனால் ஊர் ஆயில் எஞ்சின்கள் கிணற்றோடு மூழ்கிவிட்டன. மேட்டில் இருந்த மேலூரில்தான் எஞ்சின்கள் பிழைத்திருந்தன.

“அவங்ககிட்டயா? எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேப்பேன்?” என்றார் முனுசாமி. மிதக்கும் மீன்களை ஒருமுறை பார்த்தார். சைக்கிளை எடுத்தார்.

மதியம் மாட்டு வண்டிகளில் எஞ்சின்கள் வந்தன. முன்வண்டியில் இருந்த மேலூர் ரெட்டியார், “எஞ்சின் காவாலா, கேஸ் காவாலா?” என்று கேட்டார். எஞ்சின் வேண்டுமா, மருந்து ஊற்றியதாகக் கேஸ் வேண்டுமா என்று அர்த்தம்; பழி போட்ட சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“எஞ்சின மொதல்ல எறக்கு நைனா. கேஸுக்கு இன்னா அவசரம்?” என்றார் முனுசாமி. ரெட்டியார் சிரித்துவிட்டார்.

எஞ்சின் ஓடியதும், பீய்ச்சிய தண்ணீர் விழுந்த இடத்தைச் சுற்றி மிச்ச மீன்கள் வாயைத் திறந்தபடி மொய்த்தன. ஏரி மீனில் பாதிக்கு மேல் அதற்குள் செத்துப் போயிருந்தது. சில நாளில் வெயில் வந்து, வண்டல் அடங்கி, தண்ணீர் பச்சை கட்டியது. அந்த வண்டலே உரமாகி, பிழைத்த கட்லா கோடையில் அப்படிக் கொழுத்தது. முதல் வலையில் விழுந்ததை முனுசாமி மேலூருக்கே அனுப்பினார்.

துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: நிரம்பிய ஏரியைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். மீனுக்கு ஆபத்து புயல் ஓய்ந்த பிறகுதான். விடியற்காலையில் கரைக்குப் போய், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வாரம் லீவு கேட்காதீர்கள்.