கேட்கும் முன் நீட்டிய பாஸ்போட்

போன செவ்வாய்க்கிழமை, வெதுப்பகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். சூசைதாசன் அண்ணையின் மகள் றெஜினா தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, அப்பா போயிட்டார். காலமை எழும்பவேயில்லை.” பதினெட்டு வருடம் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மாப் பிசைந்த மேசை அது. அதிலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

நேற்று அடக்கத்துக்கு வந்த, அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வாயும் தெரியும். “கேக்க முன்னம் எடுத்து நீட்டாதேங்கோ. ஏன் எண்டு கேளுங்கோ” என்று எங்களை ஓயாமல் பேசுவார். யுத்த காலத்தில் ஊர்ச் சோதனைச்சாவடிகளில் பழகிய கைகள் எங்களுடையவை. சீருடையைக் கண்டால் அடையாள அட்டை தானாக வெளியே வந்துவிடும்.

போன கோடையில் அண்ணையும் நானும் கெவலார் என்ற ஊரின் மாதா கோவில் திருவிழாவுக்கு ரயிலில் போனோம். இரண்டு பொலிஸார் ஏறினார்கள். பெட்டி நிறைய இருந்த வெள்ளைக்காரரைக் கடந்து நேரே எங்களிடம் வந்தார்கள். அவர்கள் கேட்கும் முன்பே நான் பாஸ்போட்டை நீட்டிவிட்டேன். அண்ணை நீட்டவில்லை. “இவ்வளவு பேரில் ஏன் என்னை?” என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், மரியாதையாகக் கேட்டார். அடுத்த தரிப்பிடத்தில் அவரை இறக்கினார்கள். நேர்த்திக்கடனுக்குக் கொண்டுவந்த மெழுகுதிரியோடு அவர் ரயில் மேடையில் நிற்க, கதவு மூடியது. நான் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை. வெட்கம்கெட்ட வேலை.

பூசை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். “மாதாவும் பிள்ளையோட எல்லை தாண்டினவதானே. அவவிட்டயும் பாஸ்போட் கேட்டிருப்பாங்கள்” என்று சிரித்தார்.

மாரிக் குளிரில் ஒரு பொதுக்கூட்டம். ஆளை மறித்தால் காரணத்தை எழுதிக் கையில் கொடுக்கப் பொலிஸைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டுமா என்று கட்சிக்காரர்கள் வாதாடினார்கள். அண்ணை எழுந்து ரயிலில் நடந்ததைச் சொன்னார். “பொலிஸ் நிறம் பார்த்து யாரையும் மறிப்பதில்லை. உங்களுக்குச் சாட்சி உண்டா?” என்று மேடையில் இருந்த ஒருவர் கேட்டார். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது அலுவலகத்தில் முடிவாகாமல் கிடந்தது. நிலத்தைப் பார்த்தேன். அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை.

வெளியே வந்து தோளில் கை வைத்தார். “நான் கோவிக்கேல்லைத் தம்பி. ஆனா அடுத்தமுறை உம்மைத்தான் இறக்குவாங்கள்.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ரயிலில் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். நேற்று அவருடைய அடக்கம் முடிந்து ரயில் நிலையத்துக்கு வந்தோம். இரண்டு சீருடைகள் சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தன. கை அதற்குள் பைக்குள் போய்விட்டது. வெறுங்கையாக வெளியே எடுத்தேன். “ஏன் என்னை?” என்று கேட்டேன். “எங்களோடு வாருங்கள்” என்றார்கள்.

உங்களில் ஒருவர் பத்தடி தள்ளி நின்றார். நிலத்தைப் பார்த்தார். நான் கோவிக்கவில்லை.